ஊலோ வைத்த ரோந்து

எல்லாரும் காங், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஊலோவைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அவர் மனைவி இமாஸ் ஒத்துக்கொள்ள மாட்டாள். "சோம்பேறின்னா சும்மா இருப்பான். இவரு ஒரு வேலையைச் செய்யாம இருக்கறதுக்காகப் பத்து வேலை செய்வாரு" என்பாள். எங்கள் பேட்டையான ஆந்தாப்பனியில் இதை மறுக்க ஆளில்லை, ஊலோ உட்பட.

இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் ஒரு கல்லூரியின் அச்சுப் பிரிவில் அவருக்கு வேலை. கணக்குப் பேராசிரியர்கள் எழுதும் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுக்க வேண்டும். கணக்கை எழுத்தாகத் தட்டி ஒரு கட்டளை கொடுத்தால், கணினி அதைச் சமைத்து அழகான பிடிஎஃப் பக்கமாக இறக்கி வைக்கும். ஆனால் திரையில் பக்கம் திறந்திருக்கும் சன்னலுக்குப் போய் 'ஆர்' விசையைத் தட்டினால்தான் புதியது கண்ணுக்குத் தெரியும். தட்டாவிட்டால் பழசே நின்று பல்லைக் காட்டும். ஒரு கமாவைத் திருத்தினாலும் இதே சுற்றுதான். சேமி, கட்டளை கொடு, சன்னல் மாறு, ஆரைத் தட்டு, திரும்பி வா. கூட வேலை பார்த்தவர்கள் இதற்குத்தானே சம்பளம் என்று இருந்துவிட்டார்கள். ஊலோ அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

கறுப்புச் சன்னலில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்குவது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு கோப்பு மாறுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னச் சின்னக் கருவிகள் உலகத்தில் ஏற்கெனவே உண்டு. அதில் ஒன்றைப் பிடித்து, முன்னாலும் பின்னாலும் தன் கட்டளைகளைக் கோத்தார். கோப்பு மாறியதும் பக்கத்தைச் சமைக்க வேண்டும். சமைத்ததும் பக்கம் காட்டும் சன்னலின் தோளைத் தட்டி, மறுபடி படி என்று சொல்ல வேண்டும். விரல் அசையக் கூடாது. தோளைத் தட்டுகிற கட்டளைக்குக் கணினிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கில்'. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் கொண்டுவந்த இமாஸ் அதைத் திரையில் படித்துவிட்டாள்.

"யாரைக் கொல்றீங்க, காங்?"

"கொல்லலை. தட்டி எழுப்பறேன்."

"எழுப்பறதுக்கா இந்தப் பேரு? உங்க ஆளுங்களுக்குத் தூங்கறவங்க மேல அப்படி என்ன கோபம்?"

 தேநீரை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கருவிக்கு 'ரோந்தா' என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆண் முறை போட்டு இரவில் தெருவைச் சுற்றி வருவதற்கு அதுதான் பெயர். தன் முறை வரும் நாளில் ஊலோவுக்கு எப்படியோ சளி பிடித்துவிடும். பிடிக்காத நாளில் காவல் குடிலிலேயே படுத்து மற்றவர்களுக்குக் கேட்கும்படி குறட்டை விடுவார். கருவியின் பெயரைக் கேள்விப்பட்ட தெருத் தலைவர், நம்மில் ஒருத்தர் தான் போக வேண்டிய ரோந்துக்குக் கம்ப்யூட்டரை அனுப்பியிருக்கிறார் என்று கூட்டத்தில் எழுந்து அறிவித்தார். ஊலோ அதைப் பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.

ரோந்தா இப்படியே அச்சுப் பிரிவுக்குள் கிடந்திருக்கும். வெளியே கொண்டுவந்தது மூங்கில்.

ஆந்தாப்பனிப் பெண்களுக்கு ஒரு அங்க்லுங் குழு உண்டு. ஆளுக்கு ஒரு மூங்கில் சட்டம். குலுக்கினால் ஒரே ஒரு சுரம்தான் வரும். அதனால் ஒரு பாட்டு வேண்டுமென்றால் இருபது முப்பது பேர் அவரவர் முறை வரும்போது சரியாகக் குலுக்க வேண்டும். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் எண். எந்த எண் எப்போது குலுங்க வேண்டும் என்று பெரிய தாளில் எழுதி எல்லாருக்கும் தெரியும்படி தொங்கவிடுவார் போப்போன் அம்மா; எங்கள் வழக்கில் இபு போப்போன். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்; இப்போது குழுவை நடத்துகிறார். ஒரு இடத்தில் திருத்தம் வந்தால் அங்கே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுவார். திருத்தத்துக்குத் திருத்தம் வந்தால் அதன்மேல் இன்னொன்று. தாள் சில இடங்களில் கை விரல் கனத்துக்கு வந்துவிட்டது. ஈரக் காற்று அடித்தால் துண்டுகள் உதிர்ந்து, பாட்டு போன வருஷத்துக்குப் போய்விடும்.

இமாஸ் குழுவில் பதினாலாம் எண். இந்தத் தாள் கதையை அவள் சிரிப்புக்காகத்தான் வீட்டில் சொன்னாள். ஊலோ சிரிக்கவில்லை. அவர் கண்கள் கறுப்புச் சன்னல் பக்கம் போவதைப் பார்த்ததும், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஒத்திகைக்கு ஊலோ மடிக்கணினியும், கல்லூரியில் கேட்டு வாங்கிய படம் காட்டும் பெட்டியுமாகப் பொதுக்கூடத்துக்கு வந்தார். பாட்டு சுவரில் விழுந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம். பதினாலு பச்சை. இபு போப்போன் சுவரைக் கூர்ந்து பார்த்து, மூன்றாம் வரியில் ஏழு ஒரு தாளத் தட்டு தள்ளி வர வேண்டும் என்றார். ஊலோ ஏதோ தட்டிச் சேமித்தார். சுவர் கண்ணைச் சிமிட்டியது. ஏழு தள்ளி நின்றது. யாரும் சுவரைத் தொடவில்லை, சுவருக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பெண்கள் வாயில் பாலா-பாலா வடையோடு அப்படியே நின்றார்கள். ஊலோவின் வாழ்க்கையில் அதுவரை அவர் வேலையைப் பார்த்து ஒரு கூடமே அசந்து நின்றதில்லை. கணக்குப் பேராசிரியர்கள் கமாவைப் பார்த்து அசர மாட்டார்கள்.

அந்த ருசிதான் அவரைக் கெடுத்தது. கூப்பிட்டால் திருத்தியவர், கூப்பிடாமலே திருத்த ஆரம்பித்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் எண்ணைக் கொஞ்சம் பெரிதாக்குவார், ஒரு கோட்டை நேராக்குவார். ஒவ்வொரு தடவையும் சுவர் சிமிட்டும். ஒருநாள் பாட்டின் நடுவில் இரண்டாம் பக்கத்தில் இருந்த சுவர், திருத்தியதும் ஆரம்பப் பக்கத்துக்கு ஓடிவிட்டது. பாதிப் பேர் முதலிலிருந்து குலுக்கினார்கள், மீதிப் பேர் விட்ட இடத்திலிருந்து. இன்னொரு நாள் பக்கம் முழுசாகச் சமைந்து முடிவதற்குள் ரோந்தா அவசரப்பட்டுத் தோளைத் தட்டிவிட, பார்க்கும் சன்னல் அரைவேக்காட்டுப் பக்கத்தை எடுக்கப் போய் ஒன்றுமில்லாமல் திரும்பியது. சுவர் வெள்ளையாகிவிட்டது. மூங்கில்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் கேட்டது ஒரே ஒரு அங்க்லுங். அது பதினாலு, அது எப்போதுமே மற்றவர்களுக்குப் பின்னால்தான் முடியும்.

இபு போப்போன் குரலை உயர்த்தும் ரகமில்லை. மடிக்கணினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காங் ஊலோ, நான் கை தூக்கினதுலருந்து இறக்கற வரைக்கும் உங்க கை எங்க இருக்கணும் தெரியுமா?"

"எங்க, இபு?"

"மடியில."

ஊலோ வாக்குக் கொடுத்தார். வீட்டுக்குப் போய் ரோந்தாவின் குறைகளையும் சரி செய்தார். பக்கத்தை ஓரமாக வேறு பெயரில் சமைத்து, முழுசாக வெந்த பிறகு பழையது இருந்த இடத்தில் தூக்கி வைத்தார். உடனே வேறு தொல்லை வந்தது. காவல் பார்க்கும் கருவி, அப்புறப்படுத்திய பழைய கோப்பையே விசுவாசமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. புதிய கோப்பு வாசலில் வந்து நிற்பது அதற்குத் தெரியவில்லை. கோப்பைப் பார்க்காதே, கோப்பு இருக்கும் அறையைப் பார் என்று அதற்குச் சொன்னார். சன்னல் எந்தப் பக்கத்தில் நின்றதோ அங்கேயே மறுபடி நிற்கவும் வழி செய்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாட்டு ஓடும்போது சோதித்துப் பார்க்க மட்டும் வழியில்லை. கை மடியில் இருந்தது.

இனி சொல்ல வேண்டியது இமாஸின் தாமதம்.

இமாஸ் எதற்கும் நேரத்துக்கு வந்தவளில்லை. கல்யாணத்தன்று நிக்காஹ் நடத்த வந்த பெரியவர் இரண்டு தடவை தேநீர் குடித்த பிறகுதான் பெண் அறையை விட்டு வந்தாள். அங்க்லுங்கிலும் அதே கதைதான். சுவரில் தன் எண்ணைப் பார்ப்பாள், குனிந்து கையில் இருக்கும் மூங்கிலைப் பார்ப்பாள், சரி இதுதான் என்று தெரிந்த பிறகு குலுக்குவாள். ஒரு தட்டு போயிருக்கும். இபு போப்போன் நெற்றியைச் சுருக்குவார். பக்கத்தில் நிற்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஊலோ இதையெல்லாம் பார்த்தார். வீட்டில் சொல்லலாம்தான், சொன்னால் குழுவே வேண்டாம் என்று விட்டுவிடுவாளோ என்று பயந்தார்.

அதனால் அவர் சொல்லவில்லை. பாட்டுக் கோப்பில் பதினாலாம் எண்ணுக்கு நேரே ஒரே ஒரு குறிப்பை வைத்தார்: ஒரு தட்டு முன்னால். அடுத்த ஒத்திகையில் சுவரில் பச்சை எண் மட்டும் உரிய இடத்துக்கு ஒரு தட்டு முந்தி நின்றது. இமாஸ் பார்த்தாள், குனிந்தாள், குலுக்கினாள், சரியான தட்டில் விழுந்தது. அவரவர் நிறத்தைப் பார்க்கவே நேரம் போதாததால் மற்ற பெண்கள் யாரும் பச்சையைக் கவனிக்கவில்லை. இபு போப்போன் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பவர். காதால் மட்டும் கேட்டார், நெற்றி சுருங்கவில்லை. ஊலோ கையை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்தில் இவ்வளவு நைசாக ஒரு மனைவிக்கு உதவிய கணவன் உண்டா என்று யோசித்தார். நோன்பு மாதத்தில் ஆரம்பித்தது இது.

ஊலோவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தன் தாமதம் இமாஸுக்கே தெரியும். சரியாக வர ஆரம்பித்துவிட்டதாக எல்லாரும் சொன்னபோது அவள் நம்பவில்லை. மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். குழு பெயர் கொடுத்திருந்த வட்டப் போட்டிக்கு முந்திய வாரம் பொதுக்கூடத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் முகாம் நடந்ததால் ஒத்திகை இல்லை. அந்த வாரம் முழுக்க, சந்தைக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பி இபு போப்போன் வீட்டுக்குப் போனாள். அங்கே பழைய ஒட்டுத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, குனியாமல் குலுக்கப் பழகினாள். கண் எண்மேல் இருக்க வேண்டும், கால் விரல் தாளம் போட வேண்டும், கை தானாக ஆட வேண்டும். இவ்வளவு நேரம் சந்தையில் நின்றுவிட்டு வெறும் கீரையோடு வருகிறாளே என்று ஊலோவுக்கு உறுத்தியது. ஆனால் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் கேட்காமல் விடுவது ஒரு பழக்கமாகவே இருந்தது.

போட்டி வட்ட அலுவலகத்தின் மண்டபத்தில். ஆந்தாப்பனிப் பெண்கள் மஞ்சள் கெபாயா சட்டையில் வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் மேசை, மடிக்கணினி, ஊலோ. எதிர்ச் சுவரில் பாட்டு. இபு போப்போன் கையைத் தூக்கினார். ஊலோவின் கை மடிக்குப் போனது.

முதல் வரியிலேயே ஏதோ முந்திக்கொண்டு கிணுகிணுத்தது. பாட்டு படியேறும் முன்பே ஒரு மூங்கில் மேலே போய் நின்றுகொண்டு கூப்பிடுவது போல இருந்தது. இரண்டாம் வரியிலும் அப்படியே. இபு போப்போனின் தலை பதினாலு பக்கம் திரும்பியது. ஊலோ தன் மனைவியைப் பார்த்தார். அவள் குனியவில்லை. கண் சுவரில் இருந்தது, கால் கட்டைவிரல் தாளம் போட்டது, சுவர் சொன்ன அதே கணத்தில் கை குலுக்கியது. பிசகே இல்லை. பிசகு சுவரில் இருந்தது. இமாஸின் முகம் மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. சரியாகச் செய்தும் தப்பாகக் கேட்கிறதே என்ற குழப்பம் அதில் தெரிந்தது.

 ஒரு குறிப்பை அழித்தால் போதும். ஆனால் அழித்தால் சுவர் சிமிட்டும். சிமிட்டி வெள்ளையாகிவிட்டால் மண்டபம் முழுக்க மூங்கில் அடங்கிப் போகும், ஆந்தாப்பனியில் அதற்குப் பிறகு தலை காட்ட முடியாது. வாக்கு வேறு கொடுத்திருந்தார். முதல் பகுதி முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் பகுதிக்கு முன்னால், தாழ்ந்த சுரக்காரர்கள் மட்டும் நீளமாக அதிரவிடும் ஓர் இடம் வரும். அப்போது அவர் கை மடியை விட்டு மேலே வந்தது. இபு போப்போன் ஓரக்கண்ணால் அதைப் பார்த்ததையும் அவர் பார்த்தார். குறிப்பை அழித்தார். சேமித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. ரோந்தா பக்கம் வேகும் வரை பொறுமையாகக் காத்திருந்தது. பொறுமையை அதற்குச் சொல்லிக்கொடுத்தவரிடம்தான் அது அப்போது இல்லை. பிறகு சுவர் லேசாகச் சிமிட்டி, நின்ற பக்கத்திலேயே நின்றது. மற்ற எல்லா நிறமும் அதனதன் இடத்தில் இருக்க, பச்சை மட்டும் முழுக்க ஒரு தட்டு வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. அரங்கத்தில் அதைப் பார்த்தவள் ஒருத்திதான். இமாஸின் புருவம் ஏறியது. அவள் மேசைப் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, வர வேண்டிய தட்டில் குலுக்கினாள். பாட்டு படியேறிப் போய்ச் சேர்ந்தது.

பரிசு பக்கத்து வட்டாரத்துக்குப் போனது. அவர்கள் காலணிகூட ஒரே நிறத்தில் போட்டிருந்தார்கள். ஆந்தாப்பனிக்கு ஒரு சான்றிதழும் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையும் கிடைத்தன. இபு போப்போன் ஊலோவிடம் வந்து, கை மடியில் இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு இமாஸைப் பார்த்து, இரண்டாம் பகுதி நன்றாக இருந்தது என்றார்.

திரும்பும் வழியில் தூறல் பிடித்தது. ஊலோ பைக்கை ஓர் இஞ்சிப் பானக் கடையின் கூரைக்கடியில் ஒதுக்கினார். சூடான கோப்பையைக் கையில் வாங்கியதும் இமாஸ் ஆரம்பித்தாள்.

"என் நம்பர் நகர்ந்துச்சு, காங்."

"எந்த நம்பர்?"

"அந்த அரங்கத்துல எனக்கு எத்தனை நம்பர் இருந்துச்சு?"

ஊலோ கோப்பையைப் பார்த்தார். "நோன்பு மாசத்துலருந்து" என்றார்.

"அப்ப எல்லாரும் என்னைச் சரியா வர்றேன்னு சொன்னது?"

"சரியாத்தான் வந்தே, நெங். சுவர்தான் உனக்காகக் கொஞ்சம் முன்னாடி வந்து நின்னுச்சு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா வரமாட்டேன்னு நின்னுடுவியோன்னு பயம்."

"நின்னுருப்பேன்தான்" என்றாள் இமாஸ். "அப்புறம் வந்திருப்பேன். லேட்டா."

அதற்குப் பிறகுதான் அவள் சந்தைக் கதையைச் சொன்னாள். கீரை அவசரத்துக்கு இபு போப்போன் வீட்டுக் கொல்லையில் பறித்தது என்று தெரிந்தபோது ஊலோவுக்கு என்னவோ போல் இருந்தது. தன் மனைவி தன்னைவிட நைசாகக் காரியம் செய்வாள் என்று அவர் நினைத்ததில்லை. அவளுக்காக ஒரே ஓர் எண்ணை நகர்த்தி வைத்துவிட்டு அதோடு விஷயம் முடிந்தது என்று இருந்திருக்கிறார். அவளோ அந்த வாரம் முழுக்கக் கால் கட்டைவிரலுக்குத் தாளம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்றார்.

"செய்யத்தான் மாட்டீங்க. பதினாலு இனி என் பொறுப்பு. அந்தக் கறுப்புச் சன்னலை எனக்குத் திறக்கச் சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுத்தார். ஊலோ சொல்லிக்கொடுக்கும் முறை, ரொட்டி கேட்டவருக்குக் கோதுமையின் வரலாற்றை ஆரம்பிப்பது. இமாஸ் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, எதைத் தட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரத்தில் பாட்டுக் கோப்பு அவள் கைக்குப் போனது. முதல் வேலையாக, ஊலோ ஆசை ஆசையாக வைத்திருந்த நிறங்களில் பாதியை மாற்றினாள். கண்ணாடி போட்டவர்களுக்கு மஞ்சள் தெரியவில்லை என்று பெண்கள் ஆறு மாதமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்களாம். அவரிடம் சொல்லப் பாவமாக இருந்ததாம்.

பரிசு வாங்கிய பக்கத்து வட்டாரக் குழுவிலிருந்தே பிறகு ஆள் வந்தது. சுவரில் பாட்டு விழ வேண்டும், திருத்தினால் தானாக மாற வேண்டும், அவர்களுக்கும் அந்த ரோந்தா வேண்டும். ஊலோ புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கோப்பைப் பார்க்காமல் அறையைப் பார்க்க வேண்டியதன் அவசியத்தை மூன்று தட்டுப் பலகாரம் காலியாகும் வரை விளக்கினார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் மறுபடி ஆள் அனுப்பி, இந்தத் தடவை அக்கா வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இமாஸ் போனாள். வழக்கம்போலக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனாள். போனவள் மடிக்கணினியைத் திறந்து, அவர்களில் ஒருத்தியை உட்கார வைத்து, ஓர் எண்ணை மாற்றிச் சேமிக்கச் சொன்னாள். சுவர் சிமிட்டியது.

"அவ்வளவுதான்" என்றாள். "கறுப்புச் சன்னலைப் பார்க்காதீங்க, சுவரைப் பாருங்க. சுவர் மாறலைன்னா என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுங்க. மாறுச்சுன்னா பண்ணாதீங்க, போனை வைக்க விடமாட்டாரு."

ஊலோ அன்று மாலை முழுக்க வீட்டில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நடுவில் ஒரு தடவை எடுத்து, சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணையவில்லை. சரி, ரோந்தா ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அவள் வருவதற்குள் சோறு வைக்க எழுந்தார்.